நாடாளுமன்றத்தில் கேட்டால் பச்சைத் தேயிலை விலை ஏறுமா?

கேள்வி கேட்டவர் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவர். "வெளிநாட்டுத் தேயிலை இறக்குமதி, வர்த்தக ஒப்பந்தம், விலை வீழ்ச்சி என்று எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அமைச்சரும் பதில் சொல்கிறார். எங்கள் இலைக்கு விலை மட்டும் அசையவில்லை. இந்தக் கேள்விகளால் என்னதான் பிரயோஜனம்?" என்று எழுதியிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவையில் கேட்டால் விலை ஏறுமா என்பது ஒன்று. விலை விழுவதற்கு இறக்குமதிதான் காரணமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில், ஏறாது. இரண்டாவதற்குப் பதில், கொஞ்சம் இருக்கலாம், ஆனால் நாம் டீக்கடையில் பேசிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. இரண்டையும் சொல்லிவிட்டு, அவர் கேட்காத மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன்: எப்படிக் கேட்டால் உருப்படியாக ஏதாவது கைக்கு வரும் என்பது.

நான் குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் வெகுகாலம் இருந்தவன். அப்புறம் சிறு விவசாயிகளுக்காக மனுக்களும், எம்.பி. அலுவலகங்களுக்குக் கேள்வி வரைவுகளும் எழுதிக் கொடுத்து வருகிறேன். சட்டம் படித்தவன் இல்லை. தேயிலைக் கணக்கு தெரியும். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு இறக்குமதி பற்றி வேறு ஆட்களைக் கேளுங்கள்.

முதலில் கணக்கு. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு 2003-ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையில் ஒரு வழி இருக்கிறது. தூள் விற்ற பணத்தில் விவசாயிக்கு ஒரு பங்கு, தொழிற்சாலைக்கு ஒரு பங்கு. ஆரம்பத்தில் 60க்கு 40 என்று இருந்தது, பிறகு 65க்கு 35 ஆனது. இதை வைத்துத்தான் தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலையை அறிவிக்கிறது. சுமாராக 4 கிலோ இலை அரைத்தால் ஒரு கிலோ தூள். ஏலத்தில் தூள் சராசரியாக 100 ரூபாய்க்குப் போனால் அதில் விவசாயியின் பங்கு 65 ரூபாய். அதை நான்கால் வகுத்தால் ஒரு கிலோ இலைக்கு 16 ரூபாய் 25 காசு. மழைக்காலத்தில் ஈரத்துக்கு என்று கழிக்கும் எடை, ஏஜென்டின் பங்கு எல்லாம் போக உங்கள் கைக்கு வருவது இன்னும் குறைவு. 2023 செப்டம்பரில் நம் ஆட்கள் உண்ணாவிரதம் இருந்தபோது கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. இந்தச் சூத்திரத்தின்படி அந்த விலை கிடைக்க வேண்டுமென்றால் குன்னூர் ஏலத்தில் தூளின் சராசரி 206 ரூபாயைத் தொட வேண்டும். அந்த வருடம் சராசரி நூறை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது தூள் விலை இரட்டிப்பாக வேண்டும். கோரிக்கை நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. பறிகூலி, உரம், கவாத்து எல்லாம் போட்டுப் பார்த்தால் 16 ரூபாயில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளவே முடியாது. ஆனால் சூத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு இறக்குமதிக்கு மட்டும் கதவைச் சாத்தினால் அந்த விலை வந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இனி இறக்குமதி. வெளிநாட்டுத் தேயிலைக்கு இந்தியாவின் பொதுவான சுங்க வரி 100 சதவீதம். இதில் ஓட்டைகள் மூன்று நான்கு உண்டு. இலங்கையுடன் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி வருடத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரை சலுகை வரியில் வரலாம். தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகளுடனான ஒப்பந்தம் 2010 ஜனவரியில் தொடங்கியது. அதன்படி தேயிலை, காப்பி இரண்டுக்கும் வரியை 2019 முடிவதற்குள் படிப்படியாக 45 சதவீதத்துக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள். வியட்நாம் தேயிலை அந்த வழியில் வரும். நேபாளத் தேயிலைக்கு வரியே இல்லை; அது டார்ஜிலிங்காரர்களின் தலைவலி. இவை போக, திரும்ப ஏற்றுமதி செய்வதாகச் சொல்லி வரியில்லாமல் கொண்டுவருவது ஒன்று. எனக்குச் சந்தேகம் எல்லாம் இந்தக் கடைசி வழியின் மேல்தான்.

அளவைப் பாருங்கள். நாட்டில் ஒரு வருடத்தில் விளையும் தேயிலை சுமார் 130 கோடி கிலோ. இலங்கைக்கு ஒதுக்கிய ஒன்றரைக் கோடியும் முழுக்க வந்தால்கூட அது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். குன்னூர் ஏலத்தில் நம் தூளுக்குப் பெரிய போட்டி வெளிநாட்டிலிருந்து வருவதைவிட அஸ்ஸாமிலிருந்து வருவதுதான் என்பது என் அபிப்பிராயம். இது உறுதியான விஷயமா என்று கேட்டால், அளவு உறுதி, அபிப்பிராயம் அபிப்பிராயம்தான். கொஞ்சமாக வரும் மலிவான சரக்கும் ஏலத்தில் வாங்குபவரின் மனதை மாற்றிவிடும் என்று சொல்லும் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபாய் அதனால் குறைந்தது என்று யாரும் பிரித்துக் காட்டிவிட முடியாது. மழை, அஸ்ஸாம் விளைச்சல், டாலர் விலை, நம் இலையின் தரம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

வர்த்தகக் கொள்கை இந்த மலையைத் தொடாமல் போனதில்லை. அதை மறுக்கவே மாட்டேன். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தபோது ரூபாய்க் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த பெரிய வாடிக்கையாளர் போனார். 2019 ஆகஸ்டில் பாகிஸ்தானுடன் வியாபாரம் நின்றபோது தென்னிந்தியத் தூளுக்கு இருந்த ஒரு சந்தை மூடியது. கவனித்தீர்களா, இரண்டுமே ஏற்றுமதிப் பக்கம் விழுந்த அடிகள். உள்ளே வருவதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறோம். வெளியே போகாமல் நின்றதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

சரி, அவைக்கு வருவோம். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு அப்படி 20 கேள்விகள், அவற்றிலும் சிலதான் நேரத்துக்குள் எடுக்கப்படும். நட்சத்திரம் இல்லாதவை ஒரு நாளைக்கு 230. இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். உறுப்பினர் 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதிலும் குலுக்கலில் வர வேண்டும். நம் எம்.பி. கேட்கவில்லை என்று கோபப்படுவதற்கு முன், கொடுத்து அது குலுக்கலில் விழாமல் போயிருக்கலாம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீலகிரித் தேயிலையைப் பற்றி நீலகிரி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். யாரும் கேட்கலாம். தஞ்சாவூர்க்காரர் கேட்டாலும் அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைப் பாருங்கள். "தேயிலை விலை வீழ்ச்சியால் சிறு விவசாயிகள் பாதிக்கப்பட்டிருப்பது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா? ஆம் எனில் எடுத்த நடவடிக்கை என்ன?" இப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு மனப்பாடம். விலை என்பது தேவை, வரத்து, தரம் போன்ற பல காரணிகளைப் பொறுத்தது. தேயிலை வாரியம் இன்னின்ன திட்டங்களைச் செயல்படுத்துகிறது. சுய உதவிக் குழுக்களுக்கு உதவி, பறிக்கும் இயந்திரத்துக்கு மானியம். அவ்வளவுதான். அதில் பொய் எதுவும் இல்லை, பிரயோஜனமும் இல்லை. கவனத்துக்கு வந்ததா என்று கேட்டால் வந்தது என்பார்கள். கேள்வியே அவர்களுக்கு அந்த வசதியைச் செய்து கொடுக்கிறது.

"தேயிலை எவ்வளவு இறக்குமதியானது" என்று கேட்பதும் வீண். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வந்தது என்பதை வர்த்தக அமைச்சகமே இணையத்தில் போட்டுவைத்திருக்கிறது. தேயிலையின் குறியீட்டு எண் 0902-ஐ அடித்தால் வந்துவிடும். எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதைக் கேட்கக் கூடாது என்று மக்களவை விதி 41-லேயே இருக்கிறது. அபிப்பிராயம் கேட்கக் கூடாது, வாதம் செய்யக் கூடாது என்பதும் அதே விதியில்தான். "விவசாயிகளை வஞ்சிக்கும் இந்த ஒப்பந்தத்தை அரசு ரத்து செய்யுமா" என்று எழுதினால் செயலகத்திலேயே கத்தரி விழும்.

அப்படியானால் எதைக் கேட்பது? அமைச்சகத்தின் பீரோவில் இருக்க வேண்டிய, ஆனால் வெளியே வராத தகவலை. என் அனுபவத்தில் இது ஒன்றுதான் வேலை செய்கிறது. திரும்ப ஏற்றுமதி செய்வதாகச் சொல்லிக் கடந்த மூன்று வருடங்களில் வரியில்லாமல் வந்த தேயிலை எவ்வளவு, அதில் உண்மையில் வெளியே போனது எவ்வளவு, போகாததற்கு எத்தனை பேரிடம் வரியும் அபராதமும் வசூலிக்கப்பட்டது, துறைமுகம் வாரியாகச் சொல்லுங்கள் என்று கேட்டால், "பல காரணிகள்" என்று நழுவ முடியாது. எண் கொடுக்க வேண்டும், அல்லது எண் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டுமே நமக்கு லாபம். இறக்குமதித் தேயிலையை இந்தியத் தேயிலை என்று சொல்லி விற்கக் கூடாது, ரசீதில் எந்த நாட்டுச் சரக்கு என்று போட வேண்டும் என்று 2021-ல் தேயிலை வாரியம் உத்தரவிட்டது. அந்த உத்தரவின்படி எத்தனை சோதனை நடந்தது, எத்தனை பேர் மாட்டினார்கள் என்பது நல்ல கேள்வி.

அதைவிட நல்ல கேள்வி நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வாரியம் அறிவிக்கும் மாத விலையைவிடக் குறைவாகக் கொடுத்த கொள்முதல் தொழிற்சாலைகள் நீலகிரியில் எத்தனை, அவற்றின் மேல் 2003 ஆணைப்படி என்ன நடவடிக்கை, எத்தனை உரிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன, விவசாயிக்குத் திரும்ப வந்த தொகை எவ்வளவு? இதில் வெளிநாடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஆனால் 16 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 14 வந்தால், அந்த 2 ரூபாயை எந்தச் சுங்க வரியும் மீட்டுத் தராது. தேசியக் கொள்கை பற்றிக் கேட்கும் ஆர்வத்தில் இதை விட்டுவிடுகிறோம். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டு ரூபாய்தான் என் வருத்தம்.

குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை 22 பயிர்கள். கரும்புக்குத் தனி ஏற்பாடு. அவை வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருபவை. தேயிலையோ 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தால் வர்த்தக அமைச்சகத்திடம் இருக்கிறது. வேளாண் அமைச்சரைக் கேட்டால் கேள்வி வர்த்தக அமைச்சகத்துக்குத் திருப்பப்படும். இவர்களைக் கேட்டால் அப்படி ஒரு திட்டம் இல்லை என்பார்கள். 65க்கு 35 என்ற விகிதம் எந்த ஆண்டின் உற்பத்திச் செலவை வைத்துப் போடப்பட்டது, கடைசியாக அதை ஆராய்ந்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி இருந்தாலும் அடுத்த மனுவுக்கு அது முதல் பக்கம்.

ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை ஒரு கசப்பான உண்மை. வெளிநாட்டுடன் ஒப்பந்தம் போடுவது இந்தியாவில் மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சுவார்த்தை நடக்கும்போது கேட்டால், நடந்துகொண்டிருக்கிறது, விவரம் சொல்ல முடியாது என்பார்கள். அந்தக் கட்டத்தில் கேட்க வேண்டியது வேறு: தேயிலை குறித்துத் தேயிலை வாரியத்திடமும் தமிழ்நாடு அரசிடமும் கருத்துக் கேட்டீர்களா, எந்தத் தேதியில்? 2019 நவம்பரில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் பெரிய வர்த்தக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியபோது, கேள்விகளால்தான் விலகியது என்று சிலர் மார்தட்டினார்கள். பால், எஃகு, சீனா என்று பெரிய காரணங்கள் இருந்தன. அவையில் எழுந்த குரலுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். அதற்கு மேல் சொல்வது பெருமை பேசுவதுதான்.

பதில் வந்ததும் அதைப் படிக்கும் முறை இருக்கிறது. (அ) முதல் (ஈ) வரை என்று சேர்த்து ஒரே பத்தியாகப் பதில் தந்திருந்தால், உங்கள் நான்கு உட்கேள்விகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதற்குப் பதில் இல்லை என்று தேடுங்கள். பெரும்பாலும் விடுபட்டதுதான் சரக்கு இருக்கும் இடம். "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள். அது உறுதிமொழி என்று கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அரசு உறுதிமொழிகளுக்கான குழு கேட்கும். பதில் தவறு என்று கையில் ஆதாரம் இருந்தால், சபாநாயகரின் வழிகாட்டுதல் 115-ன் கீழ் உறுப்பினர் அதை எடுத்துச் சொல்லலாம். பதில் போதவில்லை என்றால் விதி 55-ன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். இதையெல்லாம் எம்.பி. அலுவலகம் தானாகச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே இருப்பது ஒன்றிரண்டு பேர், அவர்களுக்கு நூறு வேலை.

கேள்விக்கு அறவே பலம் இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1957-ல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் போடப்பட்டது பற்றி மக்களவையில் எழுந்த கேள்விகள்தான் விசாரணை கமிஷன் வரை போய், 1958-ல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகுவதில் முடிந்தது. தேயிலைச் சட்டம் வந்த காலத்தில் வர்த்தக, தொழில் துறை அமைச்சராக இருந்தவரும் அவரேதான். ஊட்டியில் இருந்த மத்திய அரசின் பிலிம் ஆலையான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பற்றியும் அவையில் எத்தனையோ முறை கேட்டார்கள். ஆலை மூடப்பட்டது மூடப்பட்டதுதான். முந்த்ரா விஷயத்தில் எந்தத் தேதியில் யார் சொல்லி எவ்வளவு பணம் போனது என்று கேட்டார்கள். ஆலையைக் காப்பாற்றுவீர்களா என்பது அந்த மாதிரிக் கேள்வி இல்லை.

நடைமுறைக்கு வருகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். கேள்வி 150 சொற்களுக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்கட்டும். கூடவே உங்கள் தொழிற்சாலை ரசீதுகளின் நகல், அந்த மாதத்தின் வாரிய விலை அறிவிப்பு இரண்டையும் இணையுங்கள். நோட்டீஸுக்கே 15 நாள் வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு அலைவது வீண். அறிவிப்பு வந்த உடனே கொடுங்கள். அமைச்சகங்களுக்கு நாள் பிரித்து வைத்திருப்பார்கள், வர்த்தக அமைச்சகத்தின் நாள் எது என்று அந்தக் கூட்டத்தொடரின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லோரும் கொடுக்கிறார்கள். செலவுக்கு என்று எதையும் நீட்டிவிடாதீர்கள்: 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக இரண்டு அவைகளிலுமாக 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்குப் பிறகு பல அலுவலகங்களில் முன்பின் தெரியாதவர் காகிதத்தோடு வந்தாலே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சங்கத்தின் கடிதத்தாளில் கொடுத்தால் அந்தச் சங்கடம் குறையும்.

சட்டமன்றத்தில் கேட்க வேண்டியதை நாடாளுமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். சுங்க வரி, வெளிநாட்டு வர்த்தகம், தேயிலை வாரியம் மத்திய அரசின் பாடு, எம்.எல்.ஏ.வைக் கேட்டுப் பயனில்லை. இன்கோ எனப்படும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வும், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயும் மாநில அரசின் கீழ் இருப்பவை. தோட்டத் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலியும் மாநில அரசு நிர்ணயிப்பது. 2023-ல் இன்கோ தொழிற்சாலை உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது மாநில அரசுதான். தனியார் தொழிற்சாலைக்கு இலை போடும் உங்களைப் போன்றவர்களுக்கு அது ஏன் இல்லை என்பதைக் கேட்க வேண்டிய இடம் சென்னை. மாத விலையைக் கண்காணிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழுவும் இருக்கிறது. டெல்லிக்கு எழுதுவதற்கு முன், அந்தக் குழு கடைசியாகக் கூடியது எப்போது, கூட்டக் குறிப்பு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வரும், எம்.பி. தயவும் தேவையில்லை. அந்தப் பதிலை இங்கேயே போட்டால், அதை வைத்து டெல்லிக்கான கேள்வியை நானே வரைந்து தருகிறேன்.